அன்று இன்ஜினில் இருந்தவர்

உறுவையாறு
9 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ராணி எழுதுகிறேன். எனக்குச் சுகர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது, மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மற்றபடி நானும் பிள்ளை ஜெயசீலனும் ஆண்டவர் தயவில் இருக்கிறோம். உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது? காது சுத்தமாகவே போய்விட்டது என்று உங்கள் மகள் போனில் சொன்னாள். இனி உங்களிடம் போனில் பேச முடியாது. மெசேஜ் போட்டால் அவளும் மருமகனும் படித்துவிட்டுத்தான் உங்களிடம் காட்டுவார்கள். இது எல்லோரும் படிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் கவர் வாங்கி எழுதுகிறேன்.

நம் ஆலை இன்ஜினை எடுத்துப் போகப் போகிறார்கள், அண்ணா.

ஆலை மூடிப் பதினேழு வருஷம் ஆகிறது. இப்போது அந்த இடத்தை மனை போட்டு விற்கிறார்கள். ஷெட்டில் நிற்கிற இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போட இருந்தார்கள். யாரோ படம் எடுத்து அனுப்பி, சென்னை ரயில் மியூசியத்திலிருந்து ஆள் வந்து பார்த்து, தொண்ணூற்றெட்டு வயசு நீராவி இன்ஜின் இது, உடைக்காதீர்கள், நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். அரிகரன் என்று ஒரு அதிகாரி நம் வீட்டுக்கே வந்தார். ஆலைப் பதிவேட்டில் கடைசி டிரைவர் அருள்தாஸ் என்று என் வீட்டுக்காரர் பெயர் இருந்ததாம்; அவருக்குப் பிறகு அந்த இன்ஜினை யாரும் ஓட்டவில்லையே. உங்கள் மாப்பிள்ளையின் படத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவர் போன இந்தப் பதினான்கு வருஷத்தில் அவரைத் தேடிக்கொண்டு ஒருத்தரும் நம் வாசலுக்கு வந்ததில்லை.

மியூசியத்தில் இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு வைப்பார்கள். எந்த வருஷம் செய்தது, எங்கே ஓடியது, கடைசியாக ஓட்டியவர் யார் என்று அதில் இருக்கும். அதற்கு அந்த இன்ஜினில் வேலை பார்த்த ஒருத்தர் கையெழுத்துப் போட்டு நாலு வரி எழுதித் தரவேண்டுமாம். அவரோடு ஒன்பது வருஷம் ஃபயர்மேனாக நின்று கரி அள்ளிப் போட்டவர் நீங்கள். மற்றவர்கள் யாரும் இப்போது இல்லை. அவர் எப்படிப்பட்ட டிரைவர் என்று எழுதுங்கள். அந்த ஜனவரி மாசத்தைப் பற்றி எழுத மனசு வந்தால் அதையும் எழுதுங்கள்.

பதில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உங்கள் தங்கை
விஜயராணி


மண்டியா
24 ஜூன் 2025

தங்கச்சி ராணிக்கு அண்ணன் எழுதறது.

கவர் வந்தது. சுகரை லேசா எடுத்துக்காதே. அரிசியக் குறை. என் முட்டி மழை வந்தாலும் வலிக்கும், வெயில் அடிச்சாலும் வலிக்கும், அதுக்கு நாள் பார்க்கத் தெரியாது. முப்பத்தஞ்சு வருஷம் அங்கயும் இங்கயும் பாய்லர் பக்கத்துல நின்னவனுக்குக் காது போகாம வேற என்ன போகும். ஜெயசீலனுக்குப் பொண்ணு பார்க்கறியா?

இன்ஜின் விஷயமா அந்த அதிகாரிகிட்ட இதெல்லாம் சொல்லிடு. தூக்கும்போது பாய்லரைச் சுத்திப் பெல்ட் கட்டக் கூடாது. அடிச் சட்டத்துலதான் கட்டணும். சக்கரத்தைக் கோக்கற ராடை மொதல்ல கழட்டிடணும், இல்லாட்டி இழுக்கும்போது வளைஞ்சிடும். பக்கத்துத் தண்ணித் தொட்டியில கை விடறதுக்கு முன்னாடி குச்சி விட்டுப் பார்க்கச் சொல்லு, பாம்பு இருக்கும். ஸ்டீமைத் திறந்து விடற ரெகுலேட்டர் வால்வுல கசிவு உண்டு. கைப்பிடிய மூடி வெச்சாலும் வண்டி தானா ஊர்ந்து போகும். இப்ப ஸ்டீம் இல்ல, பயமில்ல. சும்மா சொன்னேன்.

மாப்பிள்ளை நல்ல டிரைவர். இது ஊருக்கே தெரியும். இதுக்கு என் கையெழுத்து எதுக்கு? எனக்குக் கையும் நடுங்குது.

உடம்பைப் பார்த்துக்க.

அண்ணன்
அந்தோணிசாமி


உறுவையாறு
5 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கண்டு, கையெழுத்து நடுங்காமல் இருந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இங்கே சுகர் குறைந்திருக்கிறது. ஜெயசீலன் கம்பெனிக்குப் போய்வருகிறான். கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறான்.

இன்ஜினைப் பற்றி நீங்கள் எழுதியதை அரிகரன் சாரிடம் படித்துக் காட்டினேன். வரிக்கு வரி குறித்துக்கொண்டார். 'இவர் இன்ஜினோடயே பொறந்தவர் போல இருக்கே' என்றார்.

போன சனிக்கிழமை பழைய ஆட்களையும் அவர்கள் வீட்டு ஆட்களையும் ஆலை கேட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். இருபது பேர் வந்தார்கள். போர்டில் டிரைவர் பெயர் வரும் என்று அவர் சொன்னதும் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஆதிலட்சுமி முன்னுக்கு வந்தாள். நம் அய்யனாரின் பெண்சாதி. இப்போது அவளுக்கு ஐம்பது வயசிருக்கும். நீங்கள் பார்த்தால் அடையாளம் தெரியாது.

'இன்னாய்யா எழுதப் போறீங்க? எம் புருசன நசுக்கிக் கொன்னவன் பேரயா? குடிச்சுப்புட்டு வண்டி ஓட்டுனவன் பேர போர்டுல எழுதுவீங்க. கப்ளிங் மாட்டப் போயி ரெண்டு வண்டிக்கும் நடுவுல நசுங்கிச் செத்தவன் பேர எங்க எழுதுவீங்க? எனக்கு அப்ப இருபது வயசு. எனக்கு யாரு போர்டு வெச்சாங்க?'

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு அரிகரன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'அம்மா, சர்ச்சை இருந்தா மேலிடத்துல பேரே வேணாம்னு சொல்லிடுவாங்க. அன்னிக்கு நடந்ததைக் கூட இருந்தவர் எழுதிக் கொடுத்தா நான் பேசிப் பார்க்கலாம்' என்றார்.

குடித்திருந்தார் என்பது பொய் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் குடித்துவிட்டு ஓட்டினார் என்று எவனோ கிளப்பிவிட்டது. ஜெயசீலன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அதைக் கேட்டுவிட்டுத்தான் வளர்ந்தான். கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். 'அந்தப் பேரு எங்கயும் வர வேணாம்மா, விட்டுடு' என்றான். அப்பா என்றுகூடச் சொல்லவில்லை.

1995 ஜனவரி 11, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் என்ன நடந்தது என்று, பார்த்ததை மட்டும் எழுதுங்கள் அண்ணா. வேறு எதுவும் கேட்கவில்லை.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

விஜயராணி


மண்டியா
28 ஜூலை 2025

ராணிக்கு,

எல்லாரும் சௌக்கியம். பதில் போட லேட்டாயிடுச்சு, கண்ணுல மருந்து விட்டுக்கிட்டு இருந்தேன்.

பழசையெல்லாம் கிளறாதே. அந்தப் பொண்ணு ஆதிலட்சுமி வயித்தெரிச்சல்ல பேசுது, பேசிட்டுப் போகட்டும். அன்னிக்கு நான் கரி மேட்டுல கரி அள்ளிக்கிட்டு இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்தது. அப்ப போலீஸ்ல இதைத்தான் சொன்னேன். இப்பவும் அதான்.

மாப்பிள்ளை குடிக்கல. அதை வேணா எழுதிக்க.

இங்க மழை விடாம பெய்யுது. அங்க எப்படி?

அந்தோணிசாமி


உறுவையாறு
4 ஆகஸ்ட் 2025

அண்ணா,

நலம். மழை இல்லை.

நீங்கள் கரி மேட்டில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். இரண்டு தடவை படித்தேன்.

செப்டம்பர் 3, புதன்கிழமை இன்ஜினை ஏற்றுகிறார்கள். வரமுடிந்தால் வாருங்கள். கத்தரிக்காய் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது.

ராணி


உறுவையாறு
21 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் வரவில்லை. கண் தேவலையா? மண்டியாவில் எந்த ஆஸ்பத்திரியில் காட்டுகிறீர்கள்?

ஷெட்டுக்குப் போய்வந்தேன். இன்ஜின் அடியிலிருந்து ஒரு வேப்பமரம் முளைத்து டிரைவர் நிற்கிற இடத்தின் கூரையைத் துளைத்துக்கொண்டு வளர்ந்திருந்தது. அதை அறுத்து எடுக்கவே இரண்டு நாள் ஆனது. புகைபோக்கியைத் தனியாகக் கழற்றிவிட்டார்கள், வழியில் கரண்ட் கம்பி இடிக்கும் என்று. பித்தளை நம்பர் பிளேட்டை யாரோ எப்போதோ திருடிவிட்டார்கள். நீங்கள் சொன்னபடி தொட்டியில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். பாம்புச் சட்டை மட்டும் இருந்தது.

அங்கே நின்றுகொண்டிருந்தபோது அவருடைய கடைசி வருஷங்கள் ஞாபகத்துக்கு வந்தன. நீங்கள் அந்த ஜூன் மாசமே மண்டியாவுக்குப் போய்விட்டீர்கள், பார்த்திருக்கமாட்டீர்கள். வேலை போன பிறகு அவரை யாரும் டிராக்டர் ஓட்டக்கூட நம்பவில்லை. இதே ஆலைக்குப் போகிற கரும்பைத்தான் கூலிக்கு வெட்டினார். கரும்புச் சோகை இலை கீறிக் கையெல்லாம் கோடு கோடாக இருக்கும். கேஸ் நாலு வருஷம் நடந்தது. வாய்தாவுக்கு வில்லியனூரிலிருந்து பஸ்ஸில் போவோம். அவர் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டில் இருக்கிறவர் எழுந்து போவார். ஒரு நாள் நான் பொறுக்கமாட்டாமல் அழுதேன். 'ஜன்னலோரம் கிடைச்சுதே, உக்காரு' என்றார்.

ஜெயசீலனுக்குப் பிறந்தநாள் கொண்டாடியதே கிடையாது. அவன் பிறந்த தேதியும் அய்யனார் செத்த தேதியும் ஒன்றாகப் போய்விட்டதே.

உங்களைப் பற்றி அவர் ஒரு குறை சொன்னதில்லை. கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வரும்போதெல்லாம், மச்சானுக்கு மீன் பிடிக்கும் என்று அவரே தேங்காய்த்திட்டு வரை சைக்கிளில் போவார். அடக்கத்தன்று அவர் பெட்டியை முன்னால் நின்று தூக்கியது நீங்கள்தான். அன்று நீங்கள் அழுததைப் பார்த்து, இப்போது சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்தேன்.

இன்னும் பதிமூன்று நாள் இருக்கிறது.

ராணி


உறுவையாறு
6 செப்டம்பர் 2025

அண்ணா,

உடம்பு எப்படி என்று கேட்டால் பதில் வருவதில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இன்ஜின் போய்விட்டது.

காலை ஏழு மணிக்கே இரண்டு கிரேன் வந்தது. அடிச் சட்டத்தில் பெல்ட் கட்டினார்கள். முப்பது டன் இருக்கும் என்றார்கள். மெதுவாகத் தூக்கியபோது சக்கரத்தடியிலிருந்து துரு பொடிப்பொடியாகக் கொட்டியது. ஒரு சக்கரம் மட்டும் தண்டவாளத்தோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. கடப்பாரை வைத்து நெம்பினார்கள். அத்தனை பெரிசு அந்தரத்தில் தொங்கியபோது கூட்டம் பின்னால் நகர்ந்தது. டிரெய்லரில் இறக்கிச் சங்கிலி போட மத்தியானம் ஆகிவிட்டது. அத்தனை சக்கரம் வைத்த டிரெய்லரை நான் பார்த்ததில்லை. மின்சாரத் துறை ஆள் ஒருத்தர் மூங்கில் கழியால் ஒவ்வொரு கம்பியாகத் தூக்கிவிட, ஆள் நடக்கிற வேகத்தில் மதகடிப்பட்டுப் பக்கம் போனது.

ரோட்டுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அந்தப் பக்கம் ஆதிலட்சுமி நின்றாள். இன்ஜின் எங்கள் நடுவில் போனது. போன பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அவள் முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். ஜெயசீலன் லீவு போடவில்லை.

போர்டில் யார் பெயரும் இருக்காதாம். வருஷமும் நம்பரும் மட்டும். முடிவாகிவிட்டது என்று அரிகரன் சார் வருத்தமாகச் சொன்னார். என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை, நான் என்ன சொல்வேன்?

இனி இதைப் பற்றி உங்களுக்கு எழுதமாட்டேன்.

விஜயராணி


மண்டியா
19 செப்டம்பர் 2025

ராணி,

எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. நலமான்னு கேக்கற யோக்கியதை எனக்கு இல்ல.

மூணாந்தேதி நான் வந்தேன். இங்க மகள்கிட்ட ஆஸ்பத்திரின்னு பொய் சொல்லிட்டு ராத்திரி பஸ் ஏறி, விழுப்புரத்துல இறங்கி, மதகடிப்பட்டு வந்து ஜங்ஷன்ல டீக்கடை ஓரமா நின்னேன். நாலு மணி இருக்கும், வண்டி வந்தது. புகைபோக்கி இல்லாம மொட்டையா இருந்தது. எனக்குச் சத்தம் ஒண்ணும் கேக்கல. ஜனங்க வாயசைக்கறாங்க, போலீஸ்காரர் விசில் ஊதறாரு, எனக்கு எதுவும் கேக்கல. அது என்னைத் தாண்டிப் போறப்ப அய்யனார் கத்தினது மட்டும் கேட்டுது. உன் வூடு அங்கேர்ந்து கொஞ்ச தூரம். வர கால் வரல. அடுத்த பஸ்ல திரும்பிட்டேன்.

நான் கரி மேட்டுல இல்ல ராணி. இன்ஜின்ல இருந்தேன்.

அன்னிக்கு மூணு மணிக்கு உனக்கு வலி எடுத்துடுச்சுன்னு ஆள் வந்து சொன்னான். மாப்பிள்ளை, 'மச்சான், நான் வர்ற வரைக்கும் வண்டியத் தொடாதீங்க'ன்னு சொல்லிட்டு சைக்கிள எடுத்துக்கிட்டுப் போனாரு. நாலு மணிக்கு ஷிப்ட் சூப்பர்வைசர் வந்து கத்தினான். பொங்கலுக்கு முன்னாடி சர்க்கரை வேகன் போயாகணும், டிரைவர் எங்கேன்னான். டீ குடிக்கப் போயிருக்காரு, நானே எடுக்கறேன்னேன். என்கிட்ட லைசென்ஸ் இல்ல. ஆனா ஒன்பது வருஷம் பக்கத்துல நின்னு பார்த்தவன், தெரியாதான்னு ஒரு திமிர். அய்யனார் கப்ளிங் மாட்ட உள்ள போனான். வெளிய வந்து கை காட்டணும். கை காட்டறதுக்கு முன்னாடி நான் ரெகுலேட்டரைத் திறந்துட்டேன். வெளிய வந்துட்டான்னு நெனச்சேன். இத்தனை வருஷமா அந்த வால்வு மேல பழியப் போட்டு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வால்வு கசியறது நெசம்தான். ஆனா அன்னிக்குத் திறந்தது என் கை.

மாப்பிள்ளை திரும்பி வந்தப்ப நான் சக்கரத்தடியில உக்காந்திருந்தேன். போலீஸ் வர்றதுக்குள்ள அவர் ஏறி டிரைவர் இடத்துல நின்னுக்கிட்டாரு. 'லைசென்ஸ் இல்லாம ஓட்டினது தெரிஞ்சா உங்களுக்கு ஜெயிலு மச்சான். மூணு பொம்பளப் புள்ளைங்க. எனக்கு வேலை போகும், அவ்வளவுதான். கரி மேட்டுல இருந்தேன்னு சொல்லுங்க'ன்னாரு. நான் சொன்னேன். லைசென்ஸ் இல்லாதவனை ஓட்ட விட்ட சூப்பர்வைசருக்கும் அதுதான் வசதியா இருந்தது, அவன் வாயத் திறக்கல.

அவ்வளவுதான்னாரு. அது அவ்வளவோட போகலன்னு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உன் வூட்டுக்கு வந்து பார்த்தேன். பார்த்துட்டு சாப்பிட்டுட்டுப் போனேன்.

இதையே ஆதிலட்சுமிக்கும் எழுதி இன்னிக்கே போஸ்ட் பண்றேன். அரிகரன் சாருக்கும் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். மன்னிப்புக் கேக்கல. கேக்கத் தெரியல.

அந்தோணிசாமி


உறுவையாறு
2 அக்டோபர் 2025

அண்ணா,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. ஆனால் அதற்கு முந்தின நாளே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எப்படி என்று கேளுங்கள்.

25-ம் தேதி காலை பத்து மணி இருக்கும், வாசலில் ஆதிலட்சுமி நின்றாள். முப்பது வருஷத்தில் முதல் தடவை. கையில் பிரிக்காத கவர்.

'உங்க அண்ணன் போட்டதுன்னு போஸ்ட்மேன் சொன்னாரு. எனக்கு எம் பேரு மட்டுந்தான் படிக்கத் தெரியும். உங்க அண்ணன் எனக்கு எதுக்கு லெட்டர் போடறாரு? நீ அங்கன்வாடி டீச்சரு, நீயே படி' என்றாள்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரித்தேன். இரண்டாவது வரியிலேயே புரிந்துவிட்டது. அங்கேயே நிறுத்திவிட்டேன். 'ஏன் நிறுத்துற, படி' என்றாள். படித்தேன். அய்யனார் கத்தினது, நீங்கள் திறந்தது, எல்லாவற்றையும் என் வாயாலேயே அவளுக்குப் படித்தேன். முடித்ததும், 'இன்னொரு வாட்டி படி' என்றாள். இன்னொரு தடவையும் படித்தேன்.

பிறகு, 'இது உனக்குத் தெரியுமா?' என்று கேட்டாள்.

அண்ணா, இனி உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

அன்று அவர் என்னை ஆட்டோவில் வில்லியனூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வராந்தா பெஞ்சில் நான் படுத்திருந்தேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே சுவரில் கடிகாரம். நாலேகால் மணிக்கு ஆலைச் சங்கு ஊதியது. அது ஷிப்ட் மாறுகிற நேரம் இல்லை. விடாமல் ஊதிக்கொண்டே இருந்தது. 'மச்சான்' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். என் கையை விட்டுவிட்டு ஓடினார். சங்கு ஊதும்போது என் பக்கத்தில் இருந்தவர் எப்படி இன்ஜினில் இருந்திருக்க முடியும்?

மூன்று நாள் கழித்து ஜாமீனில் வந்து பிள்ளையை முதல் தடவையாகத் தூக்கினார். 'நான்தான் வண்டியில இருந்தேன் ராணி' என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் 'சரிங்க' என்றேன். அதற்குப் பிறகு சாகிறவரை நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஆதிலட்சுமியிடம் 'தெரியும்' என்றேன்.

'எப்பலேர்ந்து?'

'அன்னிக்கேதான்.'

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. 'மாட்டுப் பொங்கலன்னிக்கு உம் புருசன் மூஞ்சில நான் மண்ண வாரிப் போட்டன். கைக்கொழந்தைய வெச்சிக்கினு நீ பக்கத்துல நின்ன. அப்பகூட வாயத் தொறக்கலியே நீ' என்றாள்.

'அண்ணன்…' என்று ஆரம்பித்தேன்.

'உனக்கு அண்ணன். எனக்கு?' என்றாள். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் இருந்தவரைக்கும் அவர் வார்த்தையைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் போய்ப் பதினான்கு வருஷம் ஆயிற்றே, அதற்கு என்ன சொல்வது? நீங்கள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன் என்றால் அதுவும் பாதிதான் உண்மை. எனக்கு அம்மா அப்பா இல்லை, உங்களை விட்டால் ஆள் இல்லை. எனக்கு அண்ணன் வேண்டியிருந்தது. அதற்காக அவர் பெயரை விட்டுக்கொடுத்தேன். என் பிள்ளைக்கு அவன் அப்பாவை விட்டுக்கொடுத்தேன்.

ஜெயசீலனிடம் அன்று சாயங்காலம் சொன்னேன். உங்கள் பேரில்கூட அவனுக்கு அவ்வளவு கோபம் இல்லை. 'நீ ஏம்மா சொல்லல?' என்று மட்டும் கேட்டான். இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பல் விளக்கிக்கொண்டே, 'அப்பா என்னை மொதல்ல தூக்கினப்ப என்ன சொன்னாரு?' என்று கேட்டான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, உன் காதை மட்டும் தொட்டுப் பார்த்தார் என்றேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் பழக்கத்தில் எழுதவில்லை.

ராணி


மண்டியா
14 அக்டோபர் 2025

ராணி,

நாலேகால் மணின்னு நீ எழுதினதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். உனக்குத் தெரியாதுன்னே நெனச்சு உன் கையால சோறு வாங்கித் தின்னிருக்கேன். நீ தெரிஞ்சே போட்டிருக்க. எது பெரிய பாவம்னு எனக்குத் தெரியல.

இங்க மகள்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவ நோட்டுல எழுதிக் காட்டினா, 'எங்க மூணு பேரைக் காரணம் காட்டியா அப்படிப் பண்ணீங்க?'ன்னு.

அரிகரன் சார் பதில் போட்டாரா? நான் அங்க வரட்டுமா? வரச் சொன்னா வரேன். வேண்டாம்னா அதையும் எழுதிடு.

அந்தோணிசாமி


உறுவையாறு
4 நவம்பர் 2025

அண்ணா,

மழை ஆரம்பித்துவிட்டது. எனக்குக் கால் கொஞ்சம் வீங்குகிறது, பயப்படும்படி இல்லை. உங்கள் முட்டி இந்த ஈரத்துக்கு என்ன பாடு படுத்துகிறதோ.

அரிகரன் சார் போனில் பேசினார். உங்கள் கடிதத்தைக் கோப்பில் சேர்த்துவிட்டாராம். ஆனால் போர்டு ஏற்கெனவே செய்து மாட்டியாகிவிட்டது. திரும்ப எப்போதாவது புதுசாகச் செய்யும்போது பார்க்கலாம், இத்தனை வருஷத்தில் என்று என்னால் சொல்ல முடியாதம்மா என்றார். நாலு மாசம் முன்னால் வந்திருந்தால் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

ஜெயசீலன் என்னிடம் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போய் மியூசியத்தைப் பார்த்துவிட்டு வந்தான். கறுப்புப் பெயின்ட் அடித்து, புகைபோக்கியைத் திரும்ப மாட்டி, புதுசு மாதிரி நிறுத்தியிருக்கிறார்களாம். யாரையும் ஏறவிடுவதில்லை. அரிகரன் சார் அவனை மட்டும் ஏற்றிவிட்டாராம். டிரைவர் நிற்கிற இடத்தில் பத்து நிமிஷம் நின்றானாம். 'அங்கேர்ந்து பார்த்தா முன்னாடி ஒண்ணுமே தெரியலம்மா' என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். ஜெயசீலன் முதல் நாளே போய்ப் புல்லைச் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, பெயரை அவன் கையாலேயே எழுதினான். அடக்கத்துக்குப் பிறகு அவன் அங்கே கால் வைத்தது அப்போதுதான். பங்குச் சாமியார் கல்லறையில் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். மெழுகுவர்த்தி மழைக்காற்றில் அணைந்து அணைந்து போயிற்று. நான் குனிந்து திரும்பத் திரும்பக் கொளுத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் ஆதிலட்சுமி நிற்கிறாள்.

கையில் இரண்டு முழம் சாமந்தி. எப்படிப் போடுவது என்று தெரியாமல் பக்கத்துக் கல்லறையைப் பார்த்து, அதே மாதிரி சிலுவையில் சுற்றினாள். கும்பிடவில்லை, அழவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெயசீலன் அவள் பக்கத்தில் போய் நின்றான். அவன் தோளுக்குக்கூட அவள் வரவில்லை. அவனை ஏற இறங்கப் பார்த்து, 'நீ பொறந்த அன்னிக்குத்தான்' என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. அவன் தலையை ஆட்டினான்.

போகும்போது என்னிடம் நின்றாள்.

'உங்க அண்ணன் வரேன்னு சொல்றானா?'

'வரட்டுமான்னு கேட்டிருக்காரு.'

'வரச் சொல்லு. எம் வூட்டு வாசல்ல வந்து நிக்கட்டும். உள்ள கூப்புடுவனான்னு எனக்குத் தெரியாது. ஆனா வந்து நிக்கட்டும்' என்றாள்.

நானும் இந்த ஒரு மாசமாக யோசித்துப் பார்த்தேன். நீங்கள் வந்தால் ஓடி வந்து பையை வாங்குவேனா, கதவைச் சாத்துவேனா என்று எனக்கே தெரியவில்லை. ஜெயசீலனைக் கேட்டேன். 'அவர் வரட்டும், பார்க்கலாம்' என்றான்.

ராத்திரி பஸ்ஸில் வந்து ஓரமாக நிற்கவேண்டாம். ஊர் நடமாட்டம் இருக்கிற நேரத்தில், பகலில் வாருங்கள். நீங்கள் வந்து நிற்பதை நாலு பேர் பார்க்கட்டும், அண்ணா.

தங்கை
விஜயராணி